அம்புலன்சுக்குச் சோலைவரியா?

உள்ளூராட்சி மன்றங்கள் தத்தம் எல்லைக்குள் தாமே அம்புலன்ஸ் சேவையை நடத்த வேண்டும். செலவின் ஒரு பகுதியைச் சோலைவரியோடு சேர்த்து அறவிடலாம். மறுபகுதியை வண்டியில் ஏறுபவரிடம் கிலோமீற்றர் கணக்கில் கட்டணமாக வாங்கிக்கொள்ளலாம். இப்படியொரு வாதம் நம்மிடையே உலவுகிறது. கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழும் நண்பர்கள் அதனை நல்லெண்ணத்தோடு முன்வைக்கிறார்கள். 'எதற்கெடுத்தாலும் கொழும்பையே நம்பியிருப்பதா?' என்று கேட்கும் உள்ளூர் அன்பர்களும் இருக்கிறார்கள். கேட்பதற்குச் சுயமரியாதையான பேச்சுப் போலவே தோன்றுகிறது. ஆனால் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் பார்த்த ஒருவர் இந்த வாதத்தை ஏற்பதற்கு இடமில்லை. நடைமுறைக்கு ஒவ்வாதது என்பது அதன் சிறிய குறை. அநீதியானது என்பதே பெரிய குறை.

முதலில் சோலைவரி என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். ஓர் ஆதனத்தை வாடகைக்கு விட்டால் ஆண்டொன்றுக்கு என்ன கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அந்த ஆண்டுப் பெறுமதியில் இத்தனை வீதம் என்று அறவிடுவதே சோலைவரி. ஜனவரி 31 ஆம் திகதிக்கு முன் முழுத்தொகையையும் செலுத்தினால் 10 வீதக் கழிவு உண்டு என்ற அறிவித்தலை ஆண்டுதோறும் நாம் காண்கிறோம். மாநகர சபைக்கும் நகர சபைக்கும் இது பழகிய வருமானம். பிரதேச சபைகளின் நிலை வேறு. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி, கட்டடங்கள் நிறைந்த பகுதி என்று அமைச்சரின் அங்கீகாரத்துடன் பிரகடனம் செய்யப்பட்ட இடங்களில் மட்டுமே சபை இவ்வரியை விதிக்கலாம். பயிர்ச்செய்கைக் காணிக்கு ஏக்கர் வரி என்று ஒன்று உண்டு. அதை நம்பி ஒரு துவிச்சக்கர வண்டி வாங்கலாம். அம்புலன்ஸ் வாங்க இயலாது.

மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, இரண்டு நகர சபைகள், ஒன்பது பிரதேச சபைகள் என 12 உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன. வரி தரக்கூடிய கட்டடங்கள் எங்கே இருக்கின்றன? மாநகரம், காத்தான்குடி, ஏறாவூர், களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை, ஓட்டமாவடி என்று பெருந்தெருவை ஒட்டி, பெரும்பாலும் எழுவான்கரைப் பக்கத்தில். போதனா வைத்தியசாலையும் ஆதார வைத்தியசாலைகளும் அதே பக்கத்தில்தான். வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி ஆகிய இடங்களை மையமாகக் கொண்ட மூன்று பிரதேச சபைகளின் பரப்பைப் பாருங்கள். வயலும் மேய்ச்சல் தரையும் குளங்களும், அவற்றிடையே சிதறிய குடியிருப்புகளும். காணிகளிற் பல அனுமதிப்பத்திரக் காணிகள். உறுதி எழுதி விற்கவும் வாங்கவும் இடமில்லாத காணியில் முத்திரை வரி வருமானமும் எழாது. வடக்கே வாகரையும் இதே கதைதான்.

ஆக, எந்தக் கரையில் வைத்தியசாலை அருகில் இருக்கிறதோ அந்தக் கரையில் வரியும் இருக்கிறது. எந்தக் கரையில் பாம்பு கடிக்கிறதோ, யானை அடிக்கிறதோ, நள்ளிரவில் பிரசவ வலி எடுத்தால் வண்டி பிடிக்க ஒரு மணி நேரம் அலைய வேண்டியிருக்கிறதோ அந்தக் கரையில் வரி இல்லை. சோலைவரியை அடிப்படையாகக் கொண்டு அம்புலன்ஸ் சேவையை அமைத்தால் காத்தான்குடிக்கும் மாநகரத்துக்கும் நல்ல வண்டிகள் கிடைக்கும். வாகரையிலிருந்து மாநகரம் ஏறக்குறைய 60 கிலோமீற்றர். அங்குள்ள சபையிடம் இருப்பதோ ஓர் உழவு இயந்திரமும் ஒரு தண்ணீர்த் தாங்கி வண்டியும் என்ற அளவிலான வசதி. கிலோமீற்றர் கணக்கில் கட்டணமும் வாங்குவதென்றால் அநீதி இரட்டிப்பாகிறது. தூரத்தில் இருப்பவன் ஏழை. தூரத்தில் இருப்பதால் அவனுக்கே பெரிய பில்.

ஒன்ராறியோவை உதாரணம் காட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்காபுரோவில் வீடு வைத்திருக்கும் நம்மவர் கட்டும் ஆதன வரியில் ஒரு பங்கு அம்புலன்சுக்குப் போகிறது என்பது உண்மைதான். 1990களின் இறுதியில் மாகாண அரசு அந்தப் பொறுப்பை நகராட்சிகளின் தோளில் இறக்கி வைத்தது. நோயாளியிடம் 45 டொலர் வாங்குகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் மீதியையும் சொல்ல வேண்டும் அல்லவா? செலவில் ஏறத்தாழப் பாதியை மாகாண அரசு கொடுக்கிறது. சமூக உதவிப் பணம் பெறுவோரிடம் அந்த 45 டொலரும் வாங்கப்படுவதில்லை. நகராட்சியே இல்லாத வடபுலக் காடுகளிலும் பழங்குடி மக்களின் குடியிருப்புகளிலும் முழுச் செலவையும் மாகாணமே ஏற்கிறது. வரி தரும் வீடு இல்லாத இடத்தில் ஆதன வரி அம்புலன்சை ஓட்டாது என்பதை ஒன்ராறியோவே ஒப்புக்கொண்டிருக்கிறது. நமது நண்பர்கள் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

அமெரிக்க முறை இன்னும் விசித்திரமானது. ஒஹாயோ, மிச்சிகன் போன்ற மாநிலங்களில் அம்புலன்சுக்கென்று தனி ஆதன வரி விதிக்கலாமா என்று வாக்கெடுப்பு வைக்கிறார்கள். அது போதாதென்று ஏற்றிச் சென்றவரின் காப்புறுதிக்கும் பில் அனுப்புகிறார்கள். முதியோருக்கான மெடிகெயார் காப்புறுதி, பொதுவாக, நோயாளியை வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றால்தான் பணம் கொடுக்கும். வீட்டுக்கு வந்து சிகிச்சையளித்து உயிரைக் காத்து அங்கேயே விட்டுச் சென்றால் வருமானம் இல்லை! எதிர்பாராத மருத்துவ பில்களிலிருந்து மக்களைக் காக்கவென்று 2022 இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆகாய அம்புலன்ஸ் அதற்குள் அடங்கியது. தரையில் ஓடும் அம்புலன்ஸ் அடங்கவில்லை. உலகின் மிகப் பணக்கார நாட்டிலேயே கிராமப்புற அம்புலன்ஸ் சேவைகள் மூடப்படுகின்றன என்று செய்தி வருகிறது. அந்த மாதிரியையா நாம் வவுணதீவுக்கு இறக்குமதி செய்யப் போகிறோம்?

சுவிஸில் நம் மட்டக்களப்பார் கணிசமானோர் வாழ்கிறார்கள். அங்கே கட்டாய அடிப்படைக் காப்புறுதி நோயாளரை ஏற்றிச் செல்லும் செலவில் பாதியை மட்டுமே, அதுவும் ஆண்டொன்றுக்கு 500 பிராங் வரைதான் தரும். மீதிக்குத் தனிக் காப்புறுதி எடுக்க வேண்டும், இல்லையேல் கைக்காசு. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2003 இல் மின்கட்டணச் சிட்டையோடு அம்புலன்ஸ் வரியையும் ஒட்டிப் பார்த்தது. 2011 இல் அதனைக் கைவிட்டு, மாநில வருமானத்திலிருந்தே செலவு செய்யத் தொடங்கியது.

கட்டணத்தைப் பற்றி வெளிநாட்டு உதாரணமே தேவையில்லை. நம் நாட்டிலேயே ஒரு பரிசோதனை நடந்திருக்கிறது. 1951 இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் ஒழிக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 1971 இல், வெளிநோயாளர் பிரிவுக்கு வருவோரிடம் 25 சதம் வாங்கத் தொடங்கினார்கள். வெறும் 25 சதம். வெளிநோயாளர் தொகை சட்டென்று குறைந்தது. நோய் குறைந்துவிட்டது என்று எவரும் சொல்லவில்லை. 1977 இல் அந்தக் கட்டணம் நீக்கப்பட்டது. 25 சதத்துக்காக வீட்டிலேயே கஷாயம் குடித்துக்கொண்டு படுத்திருந்த மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று படுவான்கரையில் வாழ்கிறார்கள். வட்டையில் காவலிருந்தவனுக்கு நெஞ்சு வலிக்கிறது. அம்புலன்சைக் கூப்பிட்டால் எத்தனை ஆயிரம் ஆகும் என்று அவன் மனைவி கணக்குப் பார்ப்பாள். விடியட்டும், பக்கத்து வீட்டுப் பையனின் ஓட்டோவில் போகலாம் என்று முடிவு செய்வாள். அம்புலன்ஸ் என்ற ஏற்பாட்டின் முழுப் பயனும் முதல் ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது. கட்டணம் முதலில் தின்பது அந்த ஒரு மணி நேரத்தை.

இன்னொரு தவறான கணக்கையும் தீர்த்துவிட வேண்டும். அம்புலன்சின் செலவு அது ஓடும் தூரத்தில் இருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் செலவு, அது ஓடாமல் காத்திருப்பதில்தான் இருக்கிறது. ஒரு வாரத்தில் 168 மணி நேரம் உண்டு. ஓர் ஊழியர் வாரம் 45 மணி நேரம் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு வண்டியை இரவு பகலாகத் தயார்நிலையில் வைக்க நான்கு சாரதிகள் வேண்டும். விடுமுறை, சுகவீனம் எல்லாவற்றையும் சேர்த்தால் ஐவர். அவசர சிகிச்சை உதவியாளரும் அதே போல் ஐவர். அதாவது ஒரு வண்டிக்குப் பத்துச் சம்பளம். அந்த வண்டிக்கு ஒரு நாளைக்கு இரண்டு அழைப்பு வந்தாலும் பத்துச் சம்பளம், பத்து அழைப்பு வந்தாலும் பத்துச் சம்பளம். மக்கள் அடர்த்தியாக வாழும் நகரத்தில் இந்தச் செலவு பலர் மீது பரவும். உன்னிச்சைக்கும் கரடியனாற்றுக்கும் வெல்லாவெளிக்கும் பரவ ஆளில்லை. பயணத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் விதித்து இந்தக் காத்திருப்பின் செலவை ஈடுகட்டுவதென்றால், ஒவ்வொரு நோயாளியும் ஒரு வயலை விற்க வேண்டும்.

இதனால்தான் அன்பளிப்பு அம்புலன்ஸ்களைக் குறித்தும் எனக்கு நீண்ட நாள் மனத்தாங்கல் உண்டு. 2004 சுனாமிக்குப் பின் எத்தனை வாகனங்கள் இந்தக் கரையோரத்துக்கு வந்தன! மாலை போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள், நாங்கள் படம் எடுத்துப் பத்திரிகையில் போட்டோம். வண்டியைக் கொடுத்தவர் சாரதியின் சம்பளத்தைக் கொடுப்பதில்லை. ரயரும் பற்றரியும் காப்புறுதியும் வருமான வரிப்பத்திரமும் எந்த நன்கொடையாளரின் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. மூன்றாவது ஆண்டில் வண்டி கராச்சுக்குப் போகும். பிறகு மரத்தடிக்குப் போகும். கொடுத்தவரின் பெயர் மட்டும் பக்கவாட்டில் நிறம் மங்கி நிற்கும். கோயில் பரிபாலன சபையோ பள்ளிவாசல் நிருவாகமோ ஊர்ச் சங்கமோ ஓட்டும் வண்டிகள் ஆபத்தில் உதவியிருக்கின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் தர்மம் நித்திரைக்குப் போகும். அவசரம் நித்திரைக்குப் போவதில்லை.

இனி, நம்மிடம் இருப்பதைப் பார்ப்போம். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வரும் 'சுவ செரிய' சேவை 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கியது. 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் தொடக்கவிழா நடந்தது. பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் படிப்படியாக விரிந்தது. மொத்தம் 297 வண்டிகள்; இந்தியா வழங்கிய நன்கொடை 2 கோடி 20 இலட்சம் டொலருக்கு மேல். 2018 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அதற்கென ஒரு மன்றம் அமைக்கப்பட்டது. நோயாளியிடம் ஒரு சதமும் வாங்குவதில்லை. வண்டியில் பயிற்சி பெற்ற உதவியாளர் இருக்கிறார். போருக்குப் பிந்திய இலங்கையில் கட்சி, இனம், மாகாணம் பாராமல் வேலை செய்யும் பொது ஏற்பாடுகளை விரல் விட்டு எண்ணினால், இது அவற்றில் ஒன்று. இதைப் பாராட்ட நான் தயங்கவில்லை.

ஆனால் வண்டியை இந்தியா தந்தது. தேய்ந்த வண்டிக்குப் பதில் வண்டியை யார் தருவது? மரத்தடி அம்புலன்சின் கதை தேசிய அளவில் நிகழாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? 2022 இல் எரிபொருள் வரிசை நீண்ட நாள்களில் 1990 சேவையே சில இடங்களில் வண்டியை எடுக்க முடியாமல் திணறியது. மேலும், அதன் வேலை சம்பவ இடத்திலிருந்து வைத்தியசாலை வரைதான். மகிழடித்தீவுப் பிரதேச வைத்தியசாலையிலிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு ஒருவரை மாற்றுவதற்கு வைத்தியசாலையின் சொந்த வண்டிதான் வேண்டும். அது ஏற்கெனவே ஒரு நோயாளியோடு புறப்பட்டிருந்தால் அடுத்தவர் காத்திருக்க வேண்டும், அல்லது வான் பிடிக்க வேண்டும். போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ். பிரதேச வைத்தியசாலை மாகாணத்தின் கீழ். 1990 தனி மன்றத்தின் கீழ். நோயாளி ஒருவரே. அவரைச் சுற்றி மூன்று கணக்குப் புத்தகங்கள். இதற்குள் நான்காவதாகப் பிரதேச சபையின் கணக்குப் புத்தகத்தையும் திறப்பதுதான் தீர்வென்று சொல்கிறார்கள்.

'அதிகாரப் பகிர்வு கேட்கிறோம், பொறுப்பை மட்டும் தட்டிக்கழிக்கலாமா?' என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 13 ஆம் திருத்தம் சுகாதாரத்தை மாகாணத்துக்குக் கொடுத்தது. வருமானத்தைக் கொழும்பிலேயே வைத்துக்கொண்டது. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் தேர்தலே நடக்கவில்லை. ஒன்ராறியோ மாகாணம் தானே வருமான வரி வாங்குகிறது; கிழக்கு மாகாணம் வாங்குவதில்லை. உள்ளூராட்சி மன்றங்களின் நிரந்தர ஊழியருக்குச் சம்பளமே பெரும்பகுதி அரசின் மீளளிப்பில்தான் நடக்கிறது. பணப்பெட்டியின் சாவியைத் தராமல் பெட்டியைச் சுமக்கச் சொல்வது பகிர்வு ஆகாது.

தவிர, படுவான்கரை மக்கள் வரி கட்டுவதில்லை என்று நினைப்பதே பிழை. 2024 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து வற் வரி 18 வீதம். கொக்கட்டிச்சோலைச் சந்தியில் சவர்க்காரம் வாங்குபவரும் கொள்ளுப்பிட்டியில் சவர்க்காரம் வாங்குபவரும் ஒரே வீதத்தில் கட்டுகிறார்கள். அம்புலன்சுக்குரிய பணத்தை அவர்கள் ஏற்கெனவே திறைசேரிக்குக் கொடுத்துவிட்டார்கள். மறுபடியும் சோலைவரியாகவும், மூன்றாம் முறை பில்லாகவும் கேட்பது வட்டிக்கடைக்காரர் செய்யத் துணியாத காரியம். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த உடன்பாட்டில் நாடு தழுவிய ஆதன வரி ஒன்றும் பேசப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆதனத்தின் மேல் பலருக்குக் கண் இருக்கிறது.

சோலைவரிக்கு வேலை இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. 1990க்கு அழைப்பவர் தாம் எங்கே இருக்கிறார் என்று சொல்ல முடிய வேண்டும். படுவான்கரையில் எத்தனை குறுக்கு வீதிகளுக்குப் பெயர்ப்பலகை உண்டு? எத்தனை வீடுகளுக்கு இலக்கம் உண்டு? 'ஆலமரத்தடியால் திரும்பி, வாய்க்காலைத் தாண்டி, சின்னத்தம்பியின் வளவுக்குப் பின்னால்' என்ற முகவரியை இரவு இரண்டு மணிக்கு வேறு மாகாணத்தில் பிறந்த சாரதி எப்படிக் கண்டுபிடிப்பார்? பெயர்ப்பலகை, வீட்டு இலக்கம், தெருவிளக்கு, மாரியில் சேறாகாத கிறவல் வீதி, இவை பிரதேச சபையின் சட்டப்படியான கடமைகள். அம்புலன்ஸ் வாங்காமலேயே அம்புலன்சின் பத்து நிமிடத்தை ஒரு பிரதேச சபையால் மிச்சப்படுத்த முடியும். 2025 மே மாதத் தேர்தலில் தெரிவான உறுப்பினர்கள் இதையாவது செய்யட்டும்.

வாவிதான் பெரிய விடயம். 2014 ஏப்ரலில் ஜப்பானிய உதவியோடு மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை கொக்கட்டிச்சோலையிலிருந்து வருபவர் பாதையில் ஏறிக் கடக்க வேண்டும், இல்லையேல் வவுணதீவு சென்று வலையிறவுப் பாலத்தால் சுற்றிவர வேண்டும். செய்தி சேகரிக்கப் போய் மண்முனைத் துறையில் பாதைக்காகக் காத்து நின்ற மாலைகள் எனக்குப் பல உண்டு. என் அவசரம் அச்சுக்குப் போகும் நேரம் மட்டுமே. பக்கத்தில் சாக்குக் கட்டிலில் கிடத்தப்பட்டவர்களின் அவசரம் வேறு. அந்தப் பாலம் வந்ததும் எத்தனை அம்புலன்ஸ் வாங்கினாலும் கிடைக்காத வேகம் அந்த ஊர்களுக்குக் கிடைத்தது. ஆனால் குருக்கள்மடம் – அம்பிலாந்துறை, குருமண்வெளி – மண்டூர் ஆகிய துறைகளில் பல பத்தாண்டுகளாகப் பாதையே போக்குவரத்து. கிரானுக்கு மேற்கே புலிபாய்ந்தகல் வீதி மாரி வெள்ளத்தில் மூழ்கினால் அப்பாலுள்ள கிராமங்களுக்குப் படகுதான். கொழும்பில் அம்புலன்ஸ் சேவையைத் திட்டமிட்டவர்கள் நான்கு சக்கரத்தை மட்டும் கணக்கில் எடுத்தார்கள். வாவிக்கரைக்கு அம்புலன்ஸ் என்றால் படகும் சேர்ந்ததே. அந்தப் படகுக்கான பணத்தை வெல்லாவெளியின் சோலைவரியிலிருந்து எடுக்கச் சொல்பவர் வெல்லாவெளியைப் பார்க்காதவர்.

மட்டக்களப்பு மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் ஐந்து ஆசனங்கள் உண்டு. வரவு செலவுத் திட்ட விவாதத்தில் சுகாதார அமைச்சின் செலவுத் தலைப்பு எடுக்கப்படும் நாளில் அந்த ஐவரும் எழுந்து கேட்கட்டும். மாவட்டத்தில் 1990 வண்டிகள் எத்தனை, அவற்றில் வாவிக்கு மேற்கே இரவு தங்குபவை எத்தனை, பழுதாகி நிற்பவை எத்தனை, கடந்த ஆண்டில் வண்டியில்லை என்று திருப்பப்பட்ட அழைப்புகள் எத்தனை, கிராமம் கிராமமாகச் சராசரி எத்தனை நிமிடத்தில் வண்டி போய்ச் சேர்ந்தது. தேய்ந்த வண்டிகளை மாற்ற எந்த ஆண்டில் எவ்வளவு ஒதுக்கப்படுகிறது என்பதையும், பாதைத் துறைகளில் இரவு 12 மணிக்கு ஒரு படகோட்டியை வைத்திருக்க எந்த அமைச்சின் எந்தத் தலைப்பில் சம்பளம் இருக்கிறது என்பதையும் அதே கேள்வியில் சேர்த்துக்கொள்ளலாம்.